இரைப்பைக் கழுவல்: குழாயைக் கையில் எடுக்கும் முன்னும் பின்னும்

நஞ்சு குடித்தவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருபவர்கள் முதலில் கேட்பது, "வயித்தைக் கழுவிட்டீங்களா சிஸ்டர்?" என்பதைத்தான். கழுவினால் பிழைத்துவிடுவார் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமானது. பழைய வார்டு வழக்கமும் அதற்குத் துணை நின்றது: எது குடித்தாலும், எப்போது குடித்தாலும், முதல் வேலை, குழாய் வழியே வயிற்றில் நீர் விட்டு எடுக்கும் ஸ்டமக் வாஷ். இன்றைய நிலை அதுவல்ல. அமெரிக்க, ஐரோப்பிய நச்சியல் மருத்துவ அமைப்புகள் 1997-இல் சேர்ந்து வெளியிட்ட நிலைப்பாட்டை 2004-இலும் 2013-இலும் மறுபடி பார்த்தன. மூன்று முறையும் சொன்னது ஒன்றுதான்: நஞ்சு உண்ட எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யும் சிகிச்சையாக இரைப்பைக் கழுவலை வைத்துக்கொள்ளக் கூடாது. நோயாளி அதனால் தேறுகிறார் என்பதற்குச் சான்று குறைவு, கெடுதல் நேர்வதற்குச் சான்று நிறைய.

ஆனாலும் இந்தச் செயல்முறை வார்டுகளிலிருந்து மறைந்துவிடவில்லை. சில நோயாளிகளுக்கு மருத்துவர் இதைத் தேர்ந்தெடுப்பார். அப்போது குழாய் பிடிப்பதும், நீர் ஊற்றுவதும், அளவு பார்ப்பதும், பெரும்பாலும் செவிலியர்தான். அந்தக் கைகள் ஒன்றை மறக்கக் கூடாது. நாம் கழுவுவது வயிற்றை, காக்க வேண்டியது நுரையீரலை. கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

யாருக்கு வேண்டும், யாருக்குக் கூடாது

கழுவலாமா என்று முடிவெடுப்பவர் மருத்துவர். அந்த முடிவுக்கு வேண்டிய தகவலைத் திரட்டிக் கொடுப்பது செவிலியர். எதை, எவ்வளவு, எப்போது என்ற மூன்றும் தெரியாமல் குழாயைத் தொட வேண்டாம். உயிரைப் பறிக்கக்கூடிய அளவு உள்ளே போயிருக்க வேண்டும், உட்கொண்டு ஏறத்தாழ 1 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். அந்த நஞ்சுக்கு நல்ல முறிமருந்து இல்லை, அல்லது நஞ்சைத் தன்மேல் ஒட்டவைக்கும் கரித்தூளான ஆக்டிவேட்டட் சார்கோல் அதைப் பிடிக்காது என்றால் கழுவலுக்கு இடம் கூடுகிறது. இரும்புச்சத்து மாத்திரையும் லித்தியமும் சார்கோலில் ஒட்டாதவை. பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் இருப்பதால் கழுவ வேண்டிய நிலை அரிதாகவே வரும். வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும் மருந்துகளில், உதாரணமாக டிரைசைக்ளிக் வகை மனச்சோர்வு மாத்திரைகளில், 1 மணி நேரக் கணக்கை மருத்துவர் சற்று நீட்டிப் பார்ப்பதுண்டு.

நேரம் கேட்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. "எப்போ வந்தீங்க?" என்பது நமக்கு உதவாது. "எத்தனை மணிக்குக் குடிச்சார்?" என்று கேட்டாலும் உறவினர்கள் பதற்றத்தில் எதையாவது சொல்வார்கள். "கடைசியா அவர் நல்லா இருந்ததை யார் பார்த்தீங்க, அப்போ மணி என்ன?" என்று கேளுங்கள். பதில் ஓரளவு நிற்கும். குப்பி, டப்பா, மாத்திரை அட்டை எதுவாக இருந்தாலும் கொண்டுவரச் சொல்லி, லேபிளில் உள்ள வேதிப்பெயரைப் படியுங்கள். வணிகப் பெயர் மட்டும் போதாது, ஒரே பெயரில் வேறு வேறு கலவைகள் விற்பனையில் இருக்கும். அட்டையில் காலியான குழிகளை எண்ணினால் அதிகபட்சம் எத்தனை மாத்திரை போயிருக்கும் என்பது கைக்கு வந்துவிடும். வீட்டில் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்களா என்பதையும் கேட்டுப் பதியுங்கள். அடர்ந்த உப்புநீர் இரத்த சோடியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும்.

கழுவவே கூடாத இடங்கள் தெளிவானவை. அமிலம், காரம் போன்ற அரிக்கும் பொருள்கள் உள்ளே போகும்போதே உணவுக்குழாயைச் சுட்டிருக்கும். குழாய் அந்தப் புண்ணைக் குத்தித் துளைக்கலாம், கழுவிய நீர் மேலே வரும்போது இன்னொரு முறை சுடும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் போன்றவை வயிற்றில் இருக்கும்போது செய்யும் கெடுதல் குறைவு. மெலிந்த திரவம் என்பதால் ஒரு சிறு வாய் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் நுரையீரல் முழுக்கப் பரவிவிடும் என்பதுதான் அங்கே பயம். கூர்மையான பொருள் விழுங்கியவர், உணவுக்குழாய் இரத்தநாளங்கள் புடைத்தவர், இரைப்பையிலோ உணவுக்குழாயிலோ அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்தவர், இரத்தம் உறையாமை உள்ளவர், இவர்களுக்கும் வேண்டாம். தானியத்தில் பூச்சி விழாமல் வைக்கும் மாத்திரையான அலுமினியம் பாஸ்பைடு தனிக் கதை. ஈரம் பட்டால் அது பாஸ்பீன் வாயுவை விடும், அதனால் தண்ணீரால் கழுவுவதைப் பலர் தவிர்க்கிறார்கள். அந்த வாயு அறையில் நிற்பவர்களுக்கும் நஞ்சு. இந்த நோயாளி வந்தால் சன்னல்களைத் திறந்துவிட்டு, மருத்துவரின் தெளிவான உத்தரவு வரும்வரை நீர் எதையும் ஊற்றாதீர்கள்.

மூச்சுவழி முதலில்

நினைவு மங்கியவர், இருமல் அனிச்சை குறைந்தவர், வலிப்பு வந்தவர் அல்லது வரப்போகிறவர், இவர்களுக்கு மூச்சுக்குழாயில் பலூன் உள்ள டியூப் போடாமல் கழுவலைத் தொடங்கக் கூடாது. நினைவுநிலையை எண்ணில் சொல்லும் கிளாஸ்கோ அளவு 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கேள்வியே இல்லை. 9, 10, 11 என்று நடுவில் நிற்பவர்கள்தான் நம்மை ஏமாற்றுவார்கள். தூக்கம் வரவழைக்கும் மாத்திரை விழுங்கியவர் வரும்போது பேசுவார், இருபது நிமிடத்தில் குறட்டை விடுவார். அதற்குள் நாம் நான்காவது சுற்று நீரை உள்ளே விட்டிருப்போம். எனவே "இப்போது எப்படி இருக்கிறார்" என்பதோடு "அரைமணியில் எப்படி இருப்பார்" என்பதையும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

பலூன் டியூப் போட்டாலும் கவலை முழுவதும் தீர்ந்துவிடாது. பலூன் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரளவில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பலூனுக்கு மேல் தேங்கும் கசடை அவ்வப்போது சக்‌ஷன் செய்யுங்கள்.

பூச்சிக்கொல்லி குடித்தவர்களிடம் அவசரம் இன்னொரு வடிவில் வரும். ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சில் நோயாளியைக் கொல்வது மூச்சுத்திணறல். வாயில் நுரை, மார்பில் கரகரப்பு, சுருங்கிய கண்மணி, குறையும் நாடித்துடிப்பு என்று கிடப்பவருக்கு முதலில் வேண்டியவை ஆக்சிஜன், சக்‌ஷன், இந்த நஞ்சுக்கு முறிமருந்தான ஆட்ரோபின். மார்பு தெளிந்து, நாடி 80-க்கு மேல் ஏறி, இரத்த அழுத்தம் நிலைக்கும் முன் கழுவலைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. இந்தத் திரவங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் போன்ற ஹைட்ரோகார்பன் கரைப்பான் கலந்திருக்கும், ஆகவே மூச்சுக்குழாயில் இறங்கினால் கெடுதல் இரட்டிப்பு. துணியைக் கழற்றுவதும் தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் இதோடு சேர்ந்த வேலை. அதைச் செய்பவர் நைட்ரைல் கையுறை, ஏப்ரன், கண்ணாடி, மாஸ்க் அணிந்திருக்க வேண்டும். மெல்லிய லேட்டக்ஸ் கையுறையை நம்ப வேண்டாம்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

பெரியவருக்கு 36 முதல் 40 பிரெஞ்ச் அளவுள்ள வாய்வழிக் குழாய். 3 பிரெஞ்ச் என்றால் 1 மி.மீ., ஆகவே 36 பிரெஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 12 மி.மீ. வார்டில் சாதாரணமாகக் கிடைக்கும் 16 பிரெஞ்ச் ரைல்ஸ் டியூப், அதாவது மூக்கு வழியே விடும் மெல்லிய குழாய், 5 மி.மீ. சொச்சம்தான். உட்துளை அதைவிடச் சிறியது. அதில் மாத்திரைத் துண்டு ஏறாது, உணவுத்துகள் அடைத்துக்கொள்ளும். திரவ நஞ்சை உறிஞ்சி எடுக்க மட்டும் அது உதவும். ரைல்ஸ் டியூப் போட்டுவிட்டு "வாஷ் கொடுத்தாச்சு" என்று குறிப்பெழுதுவது சரியான பதிவாகாது. எந்தக் குழாய், என்ன அளவு என்று எழுதுங்கள். இன்னொன்று: இத்தனை பருமனான குழாயை மூக்கு வழியாக விட முயலாதீர்கள். மூக்குச் சவ்வு கிழிந்து கொட்டும் இரத்தமே தொண்டைக்குள் இறங்கும்.

நீர்த்தன்மையுள்ள ஜெல்லி, பல் கடிக்காமல் தடுக்கும் பைட் பிளாக், புனல், 50 மி.லி. அகலமுனை சிரிஞ்சு, அளவு குறித்த ஜாடி, அளவு குறித்த வாளி, அமிலத்தன்மை காட்டும் பி.ஹெச். தாள், மாதிரி எடுக்க மூடியுள்ள சுத்தமான குப்பிகள், கிட்னி ட்ரே, ரப்பர் விரிப்பு, வெப்பமானி ஆகியவற்றை அடுக்குங்கள். ஜெல்லிக்குப் பதிலாக எண்ணெய்ப்பசை தடவாதீர்கள், மூச்சுவழியில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். சக்‌ஷன் இயந்திரத்தைப் பொருத்தி, ஓடவிட்டு, உறிஞ்சுகிறதா என்று கையில் வைத்துப் பாருங்கள். வாயை உறிஞ்சிச் சுத்தம் செய்யும் பருமனான யாங்காவர் முனை கைக்கெட்டும் இடத்தில், படுக்கையின் தலைப்பக்கம் இருக்கட்டும். ஆக்சிஜன், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பை, மூச்சுக்குழாய் டியூப் போடும் தட்டு எல்லாம் அதே அறையில் இருக்க வேண்டும். ஓடிப்போய் எடுத்து வர நேரம் இருக்காது. இரத்தநாளத்தில் ஊசிவழி போட்டாயிற்றா, ஈ.சி.ஜி. மானிட்டரும் ஆக்சிஜன் அளவுமானியும் ஒட்டியாயிற்றா என்று பாருங்கள். குழாய் தொண்டையைத் தொடும்போது வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத்துடிப்பு திடீரென்று விழலாம், ஆட்ரோபின் கைவசம் இருக்க வேண்டியது அதற்காகவும்தான்.

கழுவும் நீர் 38 டிகிரி செல்சியஸ் அளவில் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளிர்ந்த நீர் லிட்டர் கணக்கில் போனால் உடல்வெப்பம் இறங்கும், இதயத்துடிப்பு தடுமாறும். சூடான நீர் சவ்வின் இரத்தநாளங்களை விரித்து நஞ்சை இன்னும் வேகமாக உள்ளிழுக்க வழி செய்யும். பெரியவருக்குச் சாதாரணச் சுத்தநீரோ 0.9 சதவீத நார்மல் சலைனோ போதும். பழைய குறிப்பேடுகளில் இருக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் முதலிய கரைசல்களை, மருத்துவர் குறிப்பிட்டுச் சொல்லாமல் கலக்க வேண்டாம். அளவு சற்றுக் கூடினால் பெர்மாங்கனேட்டே சவ்வை அரிக்கும்.

குறைந்தது 2 பேர் வேண்டும். தலைப்பக்கம் இருப்பவர் மூச்சையும் குழாயையும் மட்டும் பார்ப்பார். மற்றவர் நீர் ஊற்றி அளவு எழுதுவார். மூன்றாமவர் கிடைத்தால் மானிட்டரையும் கைகளையும் பார்த்துக்கொள்ளலாம்.

நோயாளியிடம் பேசுவது

விழித்திருப்பவரிடம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறாமல் தொடங்காதீர்கள். நான்கு பேர் கைகாலை அழுத்திப் பிடித்து, திமிறுகிறவர் வாயில் குழாயைத் திணிப்பது சிகிச்சையே அல்ல. திமிறும்போது மூச்சை இழுப்பார், இழுக்கும் நேரத்தில் குரல்வளை திறந்திருக்கும், குழாயோ வாந்தியோ அங்கேதான் போகும். உணவுக்குழாய் கிழிவதும் இப்படித்தான். தற்கொலைக்கு முயன்றவருக்கு "இனிமே செய்யாம இருக்க ஒரு பாடம்" என்ற மனநிலையில் யாராவது குழாயை எடுத்தால், அவரை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்ப வேண்டும். அந்த மனிதர் ஏற்கெனவே தாங்க முடியாததைத் தாங்கிக்கொண்டுதான் இங்கே வந்து கிடக்கிறார். நோயாளி மறுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சார்கோலைக் குடிக்கச் சம்மதிக்கிறாரா என்று பார்ப்பது பல சமயம் இதைவிட நல்ல வழி.

பேச்சு எளிமையாக இருக்கட்டும். "அம்மா, வாய் வழியா ஒரு குழாய் விடப்போறோம். குமட்டும், ஆனா மூச்சு அடைக்காது. மூக்கு வழியா மெதுவா மூச்சு விடுங்க. நான் 'முழுங்குங்க'ன்னு சொல்லும்போது முழுங்குங்க. முடியலேன்னா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன்." கை தூக்கினால் சொன்னபடி நிறுத்துங்கள். முதல் முறை நிறுத்தினால்தான் இரண்டாம் முறை ஒத்துழைப்பார்.

செயற்கைப் பல்லைக் கழற்றி, ஆடும் பல் இருக்கிறதா என்று பாருங்கள். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, படுக்கையின் தலைப்பக்கத்தை 15 முதல் 20 டிகிரி தாழ்த்துங்கள். இடப்பக்கம் படுக்கும்போது இரைப்பையின் வெளிவாய் மேலே இருக்கும், உள்ளே இருப்பது பெருவளைவில் தேங்கும், சிறுகுடலுக்குள் நழுவுவது குறையும். தலை தாழ்ந்திருந்தால் வாந்தி வந்தாலும் கன்னத்தின் வழியே வெளியே வழியும். மல்லாக்கப் படுக்க வைத்து வாஷ் கொடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். மூச்சுக்குழாய் டியூப் போட்டவருக்குக் கூடியவரை இதே நிலைதான்.

குழாய் உள்ளே போகும் நேரம்

வாயோரத்திலிருந்து காதுமடலின் அடிவரை, அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்நுனிவரை குழாயை வைத்து அளந்து, பிளாஸ்டர் ஒட்டிக் குறியிடுங்கள். பெரியவர் பலருக்கு இது 50 செ.மீ.-ஐ ஒட்டி வரும். ஆனால் உயரத்துக்கேற்ப மாறும், எனவே ஒவ்வொருவருக்கும் அளந்தே ஆக வேண்டும். குறைந்தால் குழாய் நுனியில் உள்ள துளைகளான கண்கள் உணவுக்குழாயில் நிற்கும், ஊற்றும் நீர் நேராகத் தொண்டைக்கு வரும். அதிகமானால் குழாய் வயிற்றுக்குள் மடிந்து முடிச்சிடும், நீர் உள்ளே போகும், திரும்பி வராது.

நுனியில் 10 செ.மீ. அளவுக்கு ஜெல்லி தடவி, பைட் பிளாக்கின் நடுவே நாக்கின் மேலாக விடுங்கள். தொண்டையின் பின்சுவரைத் தொட்டதும் நோயாளி ஓங்கரிப்பார். கண்ணில் நீர் வரும், கழுத்து நரம்பு புடைக்கும். இந்த இடத்தில் அவசரப்படுவதுதான் பெரிய தவறு. குழாயைப் பின்னுக்கு இழுக்காமல் அங்கேயே நிறுத்தி, இரண்டு மூன்று மூச்சு விடட்டும் என்று காத்திருங்கள். பின் தாடையை நெஞ்சை நோக்கிச் சற்றே குனிய வைத்து, "முழுங்குங்க" என்று சொல்லி, தொண்டைக்குமிழ் மேலேறும் அந்தக் கணத்தில் மட்டும் தள்ளுங்கள். அடுத்த விழுங்கலுக்கு மறுபடி. தடை தெரிந்தால் பலம் கொடுக்காதீர்கள், சற்றுப் பின்வாங்கிக் குழாயை லேசாகச் சுழற்றிப் பாருங்கள். இரண்டு முயற்சியில் போகவில்லை என்றால் மருத்துவரிடம் விடுங்கள்.

விடாமல் இருமல், குரல் வராமை, உதடு நீலம் பாய்தல், ஆக்சிஜன் அளவு சரிதல், குழாயின் வெளிமுனையில் மூச்சுக்காற்று வந்து போதல், இவற்றில் எது தெரிந்தாலும் குழாயை முழுவதும் வெளியே எடுத்துவிடுங்கள். நினைவு மங்கியவருக்கு மூச்சுக்குழாயில் போனாலும் இருமல் வராமலே இருக்கலாம். இருமவில்லை என்பதால் சரியான இடத்தில் இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

இடம் உறுதியாகாமல் ஒரு துளி நீரும் போகக் கூடாது. சிரிஞ்சால் உறிஞ்சி வந்ததைப் பி.ஹெச். தாளில் வையுங்கள், 5.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் இரைப்பை என்பதற்கு நல்ல அறிகுறி. அமிலம் குறைக்கும் மாத்திரை எடுப்பவரிடம் பி.ஹெச். உயர்ந்தே இருக்கும், விழுங்கிய நஞ்சும் அதை மாற்றலாம். அப்போது மருத்துவர் லாரிங்கோஸ்கோப் வைத்து நேரில் பார்ப்பார், அல்லது எக்ஸ்ரே எடுப்பார். காற்றைச் செலுத்தி வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் சத்தம் மட்டும் போதாது. குழாய் உணவுக்குழாயிலோ நுரையீரலிலோ இருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றின் மேல் கேட்கக்கூடும். குழாய் முனையைத் தண்ணீரில் முக்கிக் குமிழ் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மூச்சுக்குழாயில் இருந்தால் நோயாளி அந்தத் தண்ணீரையே உள்ளிழுப்பார்.

ஊற்றுவதும் எடுப்பதும்

முதலில் எடுங்கள், பிறகு ஊற்றுங்கள். இந்த வரிசை மாறுவதுதான் வார்டுகளில் அதிகம் காணும் பிழை. குழாய் போனதும் புனலை மாட்டி ஒரு ஜாடி நீரை விட்டால், அதுவரை வயிற்றில் தேங்கியிருந்த அடர்ந்த நஞ்சைச் சிறுகுடலுக்குள் தள்ளிவிடுகிறோம். நஞ்சு வேகமாக இரத்தத்தில் ஏறும் இடமே அதுதான். எனவே சிரிஞ்சால் மெதுவாக உறிஞ்சி, வருவதை எல்லாம் எடுத்துவிடுங்கள். அதில் 50 முதல் 100 மி.லி.-ஐ நீர் கலக்காத முதல் மாதிரியாகத் தனிக் குப்பியில் மூடி, பெயர், நேரம், நாள் எழுதுங்கள். பரிசோதனைக்கு உதவுவது இந்த மாதிரி. கழுவிய பிறகு எடுப்பது நீர்த்துப் போயிருக்கும். சட்ட நடவடிக்கைக்கு உரிய நோயாளி என்றால் முத்திரையிட்டு, யார் கையில் கொடுத்தோம் என்பதையும் எழுதி வையுங்கள்.

பெரியவருக்கு ஒரு சுற்றுக்கு 200 முதல் 300 மி.லி. மனதில் 250 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரேயடியாக அரை லிட்டர், முக்கால் லிட்டர் ஊற்றினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். வயிறு உப்பினால் ஒரு பக்கம் வெளிவாய் வழியே சிறுகுடலுக்குப் போகும், மறுபக்கம் குழாயைச் சுற்றி மேலே பொங்கும். இரண்டுமே கேடு. புனலை வாய்மட்டத்துக்கு 30 செ.மீ. உயரத்தில் பிடித்தால் போதும், அதற்கு மேல் உயர்த்தினால் நீர் வேகமெடுக்கும். புனலின் கழுத்தில் இன்னும் கொஞ்சம் நீர் நிற்கும்போதே குழாயை நெரித்துப் பிடித்து, புனலைப் படுக்கைக்குக் கீழே இறக்கி வாளியில் கவிழ்த்து விடுங்கள். குழாய்க்குள் நீர் தொடராக இருந்தால் தானாக இழுத்துக்கொண்டு வரும். புனல் முழுவதும் காலியாகிக் காற்றுப் புகுந்தால் அந்த இழுப்பு அறுந்துவிடும், பிறகு சிரிஞ்சால்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று எழுத வேண்டும். மூன்று சுற்றில் 750 மி.லி. போய் 450 மட்டுமே வந்திருந்தால் 300 மி.லி. எங்கோ நிற்கிறது. நான்காவது சுற்றை ஊற்றாமல் காரணத்தைத் தேடுங்கள். மேல்வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், உப்பியிருக்கிறதா? குழாய் வாயருகே மடிந்திருக்கிறதா, பல்லில் நசுங்கியிருக்கிறதா, குறி நகர்ந்திருக்கிறதா? உணவுத்துகள் அடைத்திருந்தால் 20, 30 மி.லி. நீரைச் சிரிஞ்சால் செலுத்தித் தளர்த்துங்கள். குழாயைச் சுழற்றி 2 செ.மீ. முன்பின் நகர்த்திப் பாருங்கள், மேல்வயிற்றை உள்ளங்கையால் மெல்லப் பிசைந்துவிடலாம். சிரிஞ்சின் பிஸ்டனை முழுப்பலத்தோடு இழுப்பதும், இயந்திர சக்‌ஷனை நேராகக் குழாயில் மாட்டுவதும் சவ்வைக் கண்களுக்குள் இழுத்துக் காயப்படுத்தும். அதற்குப் பிறகு வரும் இளஞ்சிவப்பு நீர் நாமே வரவழைத்தது.

வாளியைப் பார்ப்பதும் வேலையின் ஒரு பகுதி. முதல் சுற்றுகளில் உணவும் மாத்திரைத் துண்டும் வரும். நிறத்தை, மணத்தை, துகளை எழுதுங்கள், ஆனால் குனிந்து முகர்ந்து பார்க்காதீர்கள். பச்சையாகப் பித்தம் வரத் தொடங்கினால் குழாய் ஆழமாகப் போயிருக்கிறதா என்று சந்தேகியுங்கள். நீர் தெளியும்வரை சுற்றுகள் தொடரும். பெரியவருக்கு இது சில லிட்டர்கள் ஆகும். தெளிந்த நீர் என்றால் மாத்திரை எல்லாம் வந்துவிட்டது என்று பொருளல்ல. இரும்பு மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி வயிற்றுச் சுவரில் நிற்கும், நீர் அதன் மேல் தெளிவாக ஓடிவிடும். அதற்கு எக்ஸ்ரேதான் பதில் சொல்லும்.

நாடி, ஆக்சிஜன் அளவு, நினைவுநிலை மூன்றையும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பதியுங்கள். ஆக்சிஜன் சரிவு, நாடி விழுதல், வலிப்பு, புது இரத்தம், நெஞ்சுவலி, வயிறு பலகைபோல் இறுகுதல், கழுத்துத் தோலுக்கடியில் காற்று நெறுநெறுத்தல், இவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்ததும் ஊற்றுவதை நிறுத்தி, உள்ளே இருப்பதை வடியவிட்டு மருத்துவரை அழையுங்கள். கடைசி மூன்றும் உணவுக்குழாயோ இரைப்பையோ கிழிந்ததன் அடையாளமாக இருக்கலாம். நோயாளி கழுவலின் நடுவே தூங்க ஆரம்பித்தால் "அமைதியாயிட்டார்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உடனே எழுப்பிப் பாருங்கள்.

குழந்தைகள்

குழந்தைக்கு இன்னும் அரிதாகவே இது வேண்டும். குழாய் 24 முதல் 28 பிரெஞ்ச், நிலை அதே இடதுபக்கம், தலை தாழ்வு. கழுவுவதற்கு வெதுவெதுப்பான நார்மல் சலைன் மட்டும், சாதாரண நீர் கூடாது. குழந்தையின் சிறிய உடலில் சில நூறு மி.லி. வெறும் நீர் தங்கினாலே சோடியம் இறங்கி வலிப்பு வரும். ஒரு சுற்றுக்கு எடைக்கு ஏற்ப கிலோவுக்கு 10 மி.லி., அதாவது 12 கிலோ குழந்தைக்கு 120 மி.லி. அதே அளவு திரும்பி வர வேண்டும். எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் தராசில் வைத்தே எடுங்கள். குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகியது, தடித்த குழாய் அதைப் பின்னாலிருந்து அழுத்தும், மூச்சுவழியை மயக்க மருத்துவர் பார்த்துக்கொள்ளும் இடத்தில் மட்டுமே செய்வது நல்லது. உடல் குளிராமல் போர்த்தி வைத்திருங்கள்.

முடிக்கும்போதும் முடித்த பிறகும்

கடைசிச் சுற்று முழுவதும் வடிந்த பிறகு, உத்தரவு இருந்தால் அதே குழாய் வழியே ஆக்டிவேட்டட் சார்கோல். பெரியவருக்கு வழக்கமாக 50 கிராம், குழந்தைக்குக் கிலோவுக்கு 1 கிராம், நீரில் நன்றாகக் கலக்கி. செலுத்தும் முன் குழாயின் இடத்தை மறுபடி உறுதி செய்யுங்கள். அரைமணி நேர ஓங்கரிப்பில் குழாய் நகர்ந்திருக்கும், சார்கோல் நுரையீரலில் இறங்கினால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. சார்கோலை மெதுவாக விடுங்கள், பின் சிறிது நீரால் குழாயை அலசுங்கள்.

எடுக்கும்போது குழாயை இறுக நெரித்துப் பிடித்துக்கொண்டே ஒரே சீராக வெளியே இழுங்கள். நெரிக்காமல் இழுத்தால் உள்ளே நிற்கும் நீரும் சார்கோலும் குரல்வளையைக் கடக்கும் நேரத்தில் சொட்டும். இத்தனை கவனத்துக்குப் பிறகு கடைசி ஐந்து நொடியில் நுரையீரலில் இறங்குவது இப்படித்தான். எடுத்ததும் வாயை யாங்காவரால் சுத்தம் செய்து, அதே ஒருக்களித்த நிலையில் வைத்திருங்கள். விழித்திருப்பவர் என்றால் வாய் கொப்பளிக்கக் கொடுத்து முகத்தைத் துடைத்துவிடுங்கள்.

மொத்தம் போனது, மொத்தம் வந்தது, மிச்சம், நீரின் வகை, குழாயின் அளவு, இடத்தை எப்படி உறுதி செய்தோம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடுவில் நடந்த எதுவும், எல்லாம் அன்றைய தாளில் வர வேண்டும். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மூச்செண், நாடி, ஆக்சிஜன், நினைவுநிலை. அதன்பின் 24 மணி நேரம் மார்பைக் கேட்டுக்கொண்டே இருங்கள். நுரையீரலில் இறங்கியது உடனே காட்டிக்கொள்ளாது. சில மணி நேரம் கழித்து மூச்சு வேகமாகும், காய்ச்சல் வரும், வலது கீழ்ப்பகுதியில் கரகரக்கும். நிறைய நீரால் கழுவியவருக்கும் குழந்தைக்கும் சோடியம், பொட்டாசியம் பார்க்க இரத்தம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வாளியில் உள்ளதை மூடி, நச்சுக் கழிவுக்குரிய முறைப்படி அகற்றுங்கள்.

அடுத்த ட்யூட்டி சிஸ்டரிடம் ஒப்படைக்கும்போது இரண்டைத் தவறாமல் வாயால் சொல்லுங்கள். வேண்டுமென்றே குடித்தவர் என்றால் அவரைத் தனியே விடக் கூடாது, மனநல மருத்துவர் பார்க்க அழைப்பு போயிருக்கிறதா இல்லையா என்பது ஒன்று. சார்கோல் கொடுத்திருப்பதால் மலம் கறுப்பாகப் போகும், குடல் அசைவு இருக்கிறதா என்று வயிற்றையும் கேட்க வேண்டும் என்பது இன்னொன்று. கறுப்பு மலத்தைப் பற்றி நோயாளியிடமும் கூட இருப்பவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இரவில் அதைப் பார்த்துப் பயந்துபோவார்கள்.